தெரிந்த ஆங்கிலச் சொற்கள்தான் குழப்பும்: வெளிநாட்டுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வெளிநாட்டில் மேல்படிப்புக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கத் தொடங்கியிருக்கிறீர்களா? இலக்கணப் புத்தகத்தைக் கொஞ்ச நாள் ஓரமாக வைத்துவிட்டு இதைப் படியுங்கள். படிவம், மின்னஞ்சல், வாடகை ஒப்பந்தம், தொலைபேசிப் பேச்சு என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டிய பிறகு எனக்குப் புரிந்தது ஒன்றுதான். தெரியாத சொல் வந்தால் நாம் அகராதியைப் பார்த்துவிடுகிறோம், அதனால் அங்கே ஆபத்து குறைவு. சின்ன வயதிலிருந்து தமிழோடு கலந்து பேசிப் பழகிய ஆங்கிலச் சொற்களை யாரும் அகராதியில் பார்ப்பதில்லை, ஆனால் சான்றிதழிலும் பணத்திலும் கெடு தேதியிலும் சிக்கல் கொண்டுவருவது அவைதான். ஆகவே அந்த வரிசையிலேயே போகலாம்.

1. தமிழுக்குள் வந்துவிட்ட ஆங்கிலச் சொற்களை முதலில் பிரித்தெடுங்கள்

முதல் சொல் 'அரியர்'. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் தேர்ச்சி பெறாத பாடத்துக்கு அதுதான் பெயர். பிரிட்டனில் 'அரியர்ஸ்' என்றால் கெடு தாண்டியும் கட்டாத பாக்கி, அதாவது வாடகை பாக்கி, கடன் தவணை பாக்கி. என் கல்லூரி கொடுத்த கடிதத்தில் இந்தச் சொல் இருந்ததால் விண்ணப்பித்த இடத்திலிருந்து விளக்கம் கேட்டு எழுதினார்கள், பதில் போய்ச் சேரும்வரை கோப்பு நகரவே இல்லை. இந்திய மாணவர்களை நிறையச் சேர்க்கும் பல்கலைக்கழகங்கள் 'பேக்லாக்' என்று கேட்கும், அதுவும் இதேதான். நீங்களாக எழுதும்போது 'ஃபெயில்ட் சப்ஜெக்ட்' என்றும், மறுபடி எழுதித் தேறியதை 'ரீசிட்' அல்லது 'ரீடேக்' என்றும் எழுதிவிடுங்கள், எந்த நாட்டிலும் புரியும்.

அடுத்தது 'பாஸ்டு அவுட்'. '2021இல் பாஸ்டு அவுட்' என்று நம் ஊர் பயோடேட்டாக்களில் பாதி தொடங்கும். லண்டனில் இருப்பவருக்கு அது 2021இல் மயங்கி விழுந்த செய்தி. 'கிராஜுவேட்டட்' என்று எழுதுங்கள். 'ஃபிரெஷர்' என்றால் நமக்கு அனுபவமில்லாமல் வேலை தேடுபவர், பிரிட்டனில் பல்கலைக்கழகத்தில் அப்போதுதான் காலடி வைத்த முதலாண்டு மாணவர். படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தச் சொல் நமக்கு எதிராகப் போகும்.

மின்னஞ்சலில் இரண்டு சொற்களைக் கவனியுங்கள். 'ஐ ஹேவ் எ டவுட்' என்று எழுதினால் நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை என்ற தொனி வந்துவிடும், கேட்க நினைத்தது ஒரு கேள்வி என்றால் 'கொஸ்சன்' என்றே எழுதுங்கள். 'ரிவர்ட்' என்பதைப் பதில் அனுப்புவது என்ற பொருளில் இந்திய அலுவலகங்கள் பயன்படுத்துகின்றன, அங்கே அதற்குப் பழைய நிலைக்குத் திரும்புவது என்று பொருள். 'ரிப்ளை' போதும்.

அப்புறம் தெருவில் வருபவை. சாப்பிடும் இடம் நமக்கு ஹோட்டல், அங்கே ஹோட்டல் என்றால் அறை எடுத்துத் தங்கும் இடம் மட்டும். கடையில் சாமான் போட நாம் கேட்கும் 'கவர்' அங்கே 'பேக்', கடிதம் போடும் கவர் 'என்வலப்'. வேலை விளம்பரத்தில் 'கவர் லெட்டர்' கேட்டால் அது உங்கள் தகுதியை விளக்கி எழுதும் ஒரு பக்கக் கடிதம், உறை ஒன்றும் அனுப்ப வேண்டியதில்லை.

2. ஆவணங்களில் வரும் சொற்கள்: இங்கே அவசரப்படாதீர்கள்

சர்நேம், லாஸ்ட் நேம், ஃபேமிலி நேம் மூன்றும் ஒன்றே. கிவன் நேமும் ஃபர்ஸ்ட் நேமும் ஒன்றே. இனிஷியல் வைத்துக்கொள்ளும் நமக்கு இவற்றில் எதுவும் இயல்பாகப் பொருந்தாது, அதனால் ஒவ்வொரு படிவத்திலும் புதிதாக யோசித்து ஒவ்வொரு விதமாக நிரப்பிவிடுகிறோம். யோசிக்கவே வேண்டாம், பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எது அச்சாகியிருக்கிறதோ அதையே எழுதுங்கள். 'மிடில் நேம்' என்று தனிக் கட்டம் இருந்தால் அப்பா பெயரை அங்கே திணிக்காதீர்கள், பாஸ்போர்ட்டில் அப்படி இல்லையென்றால் காலியாக விடுங்கள். அமெரிக்க விசா படிவத்தில் கிவன் நேம் பாஸ்போர்ட்டில் இல்லாதவர்கள் அந்தக் கட்டத்தில் 'எஃப்என்யூ' என்ற மூன்று எழுத்துகளைப் போட வேண்டும், அது பெயர் தெரியவில்லை என்பதற்கான குறிப்பு. 'மெய்டன் நேம்' என்பது திருமணத்துக்கு முன்பிருந்த குடும்பப் பெயர், மாறாதவர்கள் விட்டுவிடலாம்.

பாஸ்போர்ட்டிலேயே பெயரைத் திருத்த வேண்டும் என்று தோன்றினால் அதை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்துவிடுங்கள். 36 பக்கப் பாஸ்போர்ட்டை மறுபடி எடுக்க 1500 ரூபாய், தட்கலில் என்றால் மேலே 2000 ரூபாய், கட்டும் முன் அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். தேர்வுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பழைய பெயரில் பதிவு செய்துவிட்டுப் பிறகு திருத்தினால் ஒவ்வொரு இடத்திலும் கடிதம் எழுதி மாற்ற வேண்டியிருக்கும்.

உறவுமுறையில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. சித்தப்பா மகன் நமக்குத் தம்பிதான், ஆனால் படிவத்தில் 'பிரதர்' என்றால் உங்கள் அப்பா அம்மாவுக்குப் பிறந்தவர் மட்டும். பெரியப்பா மகன் உங்கள் படிப்புச் செலவை ஏற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், படிவத்தில் பிரதர் என்று போட்டால் இரண்டு பேருடைய பெற்றோர் பெயரும் பொருந்தாது, பொய் சொன்னதுபோல் ஆகிவிடும். 'கசின்' என்று மட்டும் எழுதுங்கள். 'கசின் பிரதர்' வேண்டாம்.

சான்றிதழ்ச் சொற்கள். 'மார்க் ஷீட்' பருவத்துக்கு ஒன்று. 'ட்ரான்ஸ்கிரிப்ட்' என்பது எல்லாப் பருவங்களின் மதிப்பெண்களையும் சேர்த்து நிறுவனமே அதிகாரப்பூர்வமாகத் தரும் ஒரே ஆவணம், அதற்குத் தனியாக விண்ணப்பித்துத் தனியாகப் பணம் கட்ட வேண்டும், சில இடங்கள் முத்திரையிட்ட உறையில்தான் ஏற்கும். உறையை நீங்கள் பிரித்துவிட்டால் செல்லாது. 'புரொவிஷனல்' என்பது பட்டம் கைக்கு வரும்வரை தரும் தற்காலிகச் சான்று.

'அட்டெஸ்டட்' என்ற ஒரே சொல்லை நம் ஊரில் நான்கு காரியத்துக்குச் சொல்கிறார்கள். நகலில் நீங்களே கையெழுத்திடுவது செல்ஃப் அட்டெஸ்டட். அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி கையெழுத்திடுவது அட்டெஸ்டட். நோட்டரி வழக்கறிஞர் முத்திரையிட்டால் நோட்டரைஸ்டு. உங்கள் ஆவணத்தை வெளிநாடு ஏற்பதற்காக வெளியுறவு அமைச்சகம் தரும் சான்று அபோஸ்டில், கல்விச் சான்றிதழ் என்றால் அதற்கு முன் மாநில அளவில் சரிபார்ப்பு நடக்க வேண்டும். அபோஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா 2005இலிருந்து இருக்கிறது, கனடாவில் அது 2024 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது, ஆகவே கனடா போகிறவர்கள் பழைய ஆலோசனைகளை நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம். ஏஜென்ட் 'அட்டெஸ்ட் பண்ணிக்கலாம்' என்று சொன்னால் இந்த நான்கில் எது என்று எழுத்தில் கேளுங்கள். கேட்காமல் போய் ஒரே சான்றிதழுக்கு இரண்டு இடத்தில் கட்டணம் கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

3. பணம் சார்ந்த சொற்கள்

'லெண்ட்' என்றால் கடன் கொடுப்பது, 'பாரோ' என்றால் கடன் வாங்குவது. பேனா கேட்கும்போது 'கேன் ஐ பாரோ', அல்லது 'குட் யூ லெண்ட் மீ'. பேச்சில் மாற்றிச் சொன்னால் சிரித்துவிட்டுப் போவார்கள், கடன் ஒப்பந்தத்தில் 'லெண்டர்' யார், 'பாரோவர்' யார் என்று தலைகீழாகப் புரிந்துகொண்டால் திருப்பிக் கட்ட வேண்டியவர் யார் என்பதே மாறிவிடும்.

'லீஸ்' என்ற சொல்லில் சென்னைக்காரர்கள் கட்டாயம் நிதானிக்க வேண்டும். லீஸுக்கு வீடு என்றால் நமக்கு மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருந்து, காலி செய்யும்போது அந்தத் தொகையைத் திரும்ப வாங்குவது. ஊர்ப்பக்கம் ஒத்தி, போக்கியம் என்பார்கள். வெளிநாட்டில் லீஸ் என்பது வாடகை ஒப்பந்தம், அவ்வளவுதான், மாதாமாதம் வாடகை உண்டு. ஒரு வருட லீஸில் கையெழுத்துப் போட்டால் பாதியில் கிளம்பினாலும் மீதி மாதங்களுக்கு நீங்கள் பொறுப்பாக நேரிடலாம். நாம் 'அட்வான்ஸ்' என்பது அங்கே 'டெபாசிட்'. இங்கிலாந்தில் ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால் டெபாசிட்டாக ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அங்கே 'அட்வான்ஸ்' என்று கேட்டால் வாடகையையே முன்கூட்டிக் கேட்கிறார்கள் என்று பொருள். இரண்டும் வேறு, ஒன்று திரும்பி வரும், இன்னொன்று வராது.

'பில்' கூட அப்படித்தான். கடையில் பணம் கட்டிவிட்டு 'பில் கொடுங்க' என்று கேட்கிறோம். அங்கே பில், இன்வாய்ஸ் இரண்டும் கட்ட வேண்டியதைச் சொல்லும் சீட்டு, கட்டியதற்கான அத்தாட்சி 'ரிசீட்'. கட்டணம் செலுத்தியதற்கு ஆதாரம் கேட்கும் இடத்தில் இன்வாய்ஸைப் பதிவேற்றினால் நிராகரிப்பார்கள். கட்டிய பணம் திரும்பி வருவது 'ரீஃபண்ட்', உங்கள் கைக்காசைச் செலவழித்துவிட்டுப் பிறகு நிறுவனத்திடம் வாங்குவது 'ரீஇம்பர்ஸ்', கட்டவே வேண்டாம் என்று விட்டுவிடுவது 'வெய்வ்'. விண்ணப்பக் கட்டணத்துக்கு விலக்கு கேட்பதென்றால் 'ஃபீ வெய்வர்' என்று கேளுங்கள், ரீஃபண்ட் என்று கேட்டால் முதலில் கட்டச் சொல்வார்கள்.

4. தேதியும் கெடுவும்

'பை ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்கிழமையோ அதற்கு முன்போ முடித்திருக்க வேண்டும். 'அன்டில் ஃப்ரைடே' என்றால் வெள்ளிவரை அந்த வேலை நடந்துகொண்டே இருக்கும். 'வித்தின் டென் டேஸ்' என்றால் பத்து நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும், 'இன் டென் டேஸ்' என்றால் பெரும்பாலும் பத்து நாள் கழித்து. பாஸ்போர்ட் 'இன் டென் டேஸ்' கிடைக்கும் என்று பதில் வந்தால் ஐந்தாம் நாளுக்கு டிக்கெட் போடாதீர்கள்.

05/06 என்று எழுதியிருந்தால் பிரிட்டனில் ஜூன் 5, அமெரிக்காவில் மே 6. மாதத்தை எழுத்தில் எழுதும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள். பிரிட்டனில் 'ஹாஃப் சிக்ஸ்' என்றால் ஆறரை, ஐந்தரை அல்ல. 'பை மந்த்லி' என்ற சொல்லுக்கு மாதம் இருமுறை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு பொருளும் உண்டு. நம் ஊர் மின்கட்டணத்தை வைத்து இரண்டு மாதம் என்றே எடுத்துக்கொள்வோம், சம்பளமோ தவணையோ என்றால் தேதியைக் கேட்டுவிடுங்கள்.

'ப்ரீபோன்' இந்தியாவுக்கு வெளியே பலருக்குப் புரியாது. முன்னதாக வைப்பதற்கு 'பிரிங் ஃபார்வர்ட்', தள்ளிவைப்பதற்கு 'புஷ் பேக்'. நேர்காணலை 'மூவ் ஃபார்வர்ட்' செய்திருக்கிறோம் என்று யாராவது எழுதினால் அவர்களுக்குள்ளேயே இரண்டு விதமாகப் புரிந்துகொள்பவர்கள் உண்டு, புதிய தேதி என்ன என்று வெட்கப்படாமல் கேளுங்கள்.

வேலை அனுபவத்தை எழுதும்போது 'சின்ஸ்' பக்கத்தில் தொடங்கிய ஆண்டு வர வேண்டும், 'ஃபார்' பக்கத்தில் கால அளவு. சின்ஸ் 2019, ஃபார் த்ரீ இயர்ஸ். 'சின்ஸ் த்ரீ இயர்ஸ்' தவறு. இன்னும் அதே வேலையில் இருந்தால் 'ஹேவ் பீன் வொர்க்கிங்' என்று எழுதுங்கள்.

5. ஓர் எழுத்தில் மாறும் ஜோடிகள்

இதற்கு நீண்ட பட்டியல்கள் சுற்றுகின்றன. முழுதும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை, விண்ணப்பத்தில் வருபவை சிலதான். 'லூஸ்' என்று தொலைப்பதற்கு ஒரே ஒரு ஓ, தளர்வாக இருப்பதற்கு இரண்டு ஓ. அட்வைஸ் பெயர்ச்சொல்லாக வந்தால் சி, வினையாக வந்தால் எஸ், உச்சரிப்பிலும் பெயர்ச்சொல் 'ஸ்' என்று முடியும், வினை ஈயின் ரீங்காரம் போன்ற ஒலியில் முடிய வேண்டும். கல்லூரி முதல்வரும் கடனின் அசலும் பிஏஎல் எழுத்துகளில் முடிகிற பிரின்சிபல், கொள்கை பிஎல்ஈ எழுத்துகளில் முடிவது. இவை எல்லாமே சரியான சொற்கள் என்பதால் கைப்பேசியின் எழுத்துப்பிழைத் திருத்தி பெரும்பாலும் சிவப்புக்கோடு போடாது, கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

6. ஃபிரேசல் வெர்ப்: இடத்தை வைத்துப் படியுங்கள்

தெரிந்த வினை, பக்கத்தில் 'அப்', 'அவுட்', 'ஆஃப்' என்று ஒரு குட்டிச் சொல், பொருள் எங்கோ போய்விடும். பயப்பட ஒன்றுமில்லை, தமிழில் 'கண்டுபிடி' என்பதில் யாரும் எதையும் பிடிப்பதில்லை, 'கைவிடு' என்பதில் கைக்கு வேலையே இல்லை, நம் மூளைக்கு இந்த வித்தை ஏற்கெனவே பழக்கம். கெடுப்பது அகரவரிசைப் பட்டியல்தான். 'கெட்' என்று தொடங்கும் நாற்பதை வரிசையாகப் படித்தால் நாற்பதும் குழம்பும். எந்த இடத்தில் தேவைப்படுமோ அந்த இடத்துக்கு ஐந்தாறு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் நம் 'போடு' அங்கேதான் தடுக்கும். ஃபேன் போடு, லைட் போடு, சட்டை போடு, டீ போடு, லீவு போடு, கையெழுத்துப் போடு என்று எல்லாவற்றுக்கும் ஒரே வினை வைத்திருக்கிறோம், அதை அப்படியே 'புட்' ஆக்கிவிடுகிறோம். ஃபேனும் லைட்டும் 'டர்ன் ஆன்', அணைக்க 'டர்ன் ஆஃப்'. சட்டைக்கு மட்டும் 'புட் ஆன்', கழற்ற 'டேக் ஆஃப்'. டீக்கு 'மேக்', கையெழுத்துக்கு வெறும் 'சைன்'. குழாயைத் திறக்க 'ஓப்பன்' இல்லை, அதற்கும் 'டர்ன் ஆன்'.

படிவம் என்றால் 'ஃபில் இன்' அல்லது 'ஃபில் அவுட்', முன்னது பிரிட்டனில் அதிகம், பின்னது அமெரிக்காவில். நாம் சொல்லும் 'ஃபில் அப்' பெட்ரோல் டேங்குக்கு. ஒப்படைப்பது 'ஹேண்ட் இன்', பலருக்கு விநியோகிப்பது 'ஹேண்ட் அவுட்', பொறுப்பையோ சாவியையோ மாற்றிக் கொடுப்பது 'ஹேண்ட் ஓவர்'. விசா மையத்தில் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வருவது 'ட்ராப் ஆஃப்', திரும்ப வாங்குவது 'பிக் அப்'. 'ட்ராப் அவுட்' என்றால் படிப்பைப் பாதியில் விடுவது, ஆகவே இந்த இரண்டையும் மாற்றிவிடாதீர்கள்.

தொலைபேசியில் 'ஹோல்ட் ஆன்' என்றால் இணைப்பிலேயே காத்திருங்கள், 'ஹேங் அப்' என்றால் போனை வைப்பது. 'கட் பண்ணிட்டேன்' என்று நாம் சொல்வதற்கு அதுதான் சரி. 'கட் ஆஃப்' என்பது பேசும்போது தானாக இணைப்பு அறுபடுவது. 'ஐ வில் புட் யூ த்ரூ' என்றால் உரியவருக்கு இணைப்புக் கொடுக்கிறார். 'வி வில் கெட் பேக் டு யூ' என்பதில் பதில் வரும் என்ற உறுதி இருக்கிறது, எப்போது என்பது இல்லை. மரியாதையாகத் தேதி கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அலுவலகக் கடிதத்தில் 'புட் ஆஃப்' என்றால் ஒத்திவைப்பு, 'கால் ஆஃப்' என்றால் ரத்து. இரண்டுக்கும் நடுவே உங்கள் டிக்கெட் பணம் இருக்கிறது. 'கேரி ஆன்' தொடர்வது, 'கேரி அவுட்' செய்து முடிப்பது. 'லுக் ஃபார்' தேடுவது, 'லுக் ஆஃப்டர்' பார்த்துக்கொள்வது, 'லுக் இன்டு' விசாரிப்பது. புகாருக்கு 'லுக்கிங் இன்டு இட்' என்று பதில் வந்தால் இன்னும் முடிவாகவில்லை. 'லுக் ஃபார்வர்ட் டு' என்றால் ஆவலோடு எதிர்பார்ப்பது, அதன்பின் 'மீட்' வராது, 'மீட்டிங்' வர வேண்டும். 'டர்ன் டவுன்' நிராகரிப்பது, 'டர்ன் அப்' வந்து சேர்வது. 'ரன் அவுட்' என்றதும் கிரிக்கெட் ஞாபகம் வரும், ஆனால் விசா ரன் அவுட் ஆகிறது என்றால் காலம் முடிகிறது, காசு ரன் அவுட் ஆனால் தீர்ந்துவிட்டது.

ஓர் இலக்கணம் மட்டும் அவசியம். 'இட்', 'தெம்' போன்ற சுட்டுப்பெயர் வரும்போது சில ஃபிரேசல் வெர்ப்கள் பிரியும், அப்போது அது நடுவில்தான் உட்காரும்: 'ஃபில் இட் இன்', 'புட் இட் ஆஃப்'. 'ஃபில் இன் இட்' என்பது தவறு. 'லுக் ஆஃப்டர்', 'லுக் இன்டு' போன்றவை பிரியாது: 'லுக் ஆஃப்டர் இட்'. எது பிரியும் என்று ஊகிக்காதீர்கள், கற்போருக்கான அகராதியில் தலைச்சொல்லிலேயே 'சம்திங்' என்ற குறி நடுவில் இருக்கிறதா கடைசியிலா என்று காட்டியிருப்பார்கள்.

தேவையில்லாத இடத்தில் குட்டிச் சொல்லை ஒட்டுவதும் நம் பழக்கம். 'டிஸ்கஸ்' பின்னால் 'அபவுட்' வேண்டாம், 'ரிட்டர்ன்' பின்னால் 'பேக்' வேண்டாம், 'கோப் அப் வித்' இல்லை, 'கோப் வித்' மட்டும்.

7. செலவும் நேரமும்

இந்தச் சொற்களுக்காக மட்டும் கோச்சிங்கில் சேர வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு இரண்டும் கற்போருக்கான அகராதியை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன, ஒலியும் கேட்கலாம். சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் கன்னிமாராவும், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன, அங்கே உட்கார்ந்து ஆங்கிலச் செய்தித்தாளைப் படித்துக்கொண்டே குறிப்பெடுக்கலாம். தமிழ்ப் பொருளை மட்டும் எழுதி வைக்காதீர்கள், முழு வாக்கியமாக எழுதுங்கள், அதுவும் உங்கள் சொந்த விண்ணப்பத்தில் வரக்கூடிய வாக்கியமாக.

விண்ணப்பக் கெடுவுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே ஆவணச் சொற்களைத் தொடங்குங்கள், ஏனென்றால் அங்கே திருத்த அதிக நாள் பிடிக்கும். பணமும் தேதியும் ஒரு வாரத்தில் பழகிவிடும். ஃபிரேசல் வெர்ப் வாரத்துக்கு ஓர் இடம் என்று நிதானமாகப் போகட்டும்.

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை எழுதுபவர்களுக்குத் தனியாகச் சில விஷயங்கள். மதிப்பெண் இரண்டு ஆண்டுகள்தான் செல்லும் என்பதால் சீக்கிரம் எழுதிவைத்துவிடலாம் என்று மிக முன்பே எழுதிவிடாதீர்கள். லிசனிங் பகுதியில் எழுத்துப்பிழை இருந்தால் அந்த விடைக்கு மதிப்பெண் இல்லை, பிரிட்டிஷ் எழுத்துமுறை, அமெரிக்க எழுத்துமுறை இரண்டும் ஏற்கப்படும். 'நோ மோர் தேன் டூ வேர்ட்ஸ்' என்று போட்டிருந்தால் மூன்று சொல் எழுதிய விடை சரியாக இருந்தாலும் தவறுதான். ரைட்டிங்கில் ஒரு மணி நேரத்துக்குள் குறைந்தது 150 சொல்லில் ஒன்றும் குறைந்தது 250 சொல்லில் ஒன்றும் எழுத வேண்டும், கடைசி மூன்று நிமிடத்தை ஐந்தாம் பகுதியில் சொன்ன ஜோடிகளைத் தேடுவதற்கென்று ஒதுக்குங்கள். ஸ்பீக்கிங்கில் ஃபிரேசல் வெர்ப் இயல்பாக வந்தால் நல்லது, ஆனால் அகாடமிக் கட்டுரையில் அவற்றை அடுக்காதீர்கள்.

எந்த மின்னஞ்சலையும் அனுப்பும் முன் மூன்றே இடங்களில் கண்ணை வையுங்கள்: பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா, மாதம் எழுத்தில் இருக்கிறதா, பணம் பற்றிய சொல் டெபாசிட்டா அட்வான்ஸா. சரியாக இருந்தால் அனுப்பிவிடுங்கள், மற்ற சின்னப் பிழைகளுக்காக இரவெல்லாம் உட்கார வேண்டாம்.